கிடாக்கன்றுக்குப் பால் விடலாமா?

கேள்வி: எங்களிடம் மூன்று எருமைகள். இந்த வருடம் இரண்டு கிடாக்கன்றுகள். 20 நாள் கன்றைத் தரகர் 1,500 ரூபாய்க்குக் கேட்கிறார். பால் விட்டு வளர்த்தால் நஷ்டம் என்கிறார் அப்பா. எகிப்தில் எருமைக் கன்று இறைச்சிக்கு ஏக கிராக்கி என்று படித்தேன். அப்படியொரு சந்தை இங்கே இருந்தால் எங்களுக்குக் கட்டுபடியாகுமா?
– ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: அப்பா பாதிக் கணக்குப் போட்டிருக்கிறார், போட்ட வரை சரி. பிறக்கும்போது 30 கிலோ இருக்கும் கன்று, நாளுக்கு இரண்டரை லிட்டர் குடித்தால் 60 நாளில் 150 லிட்டர். ஆவின் 2023 டிசம்பரில் எருமைப் பாலுக்கு உயர்த்திக் கொடுத்த 47 ரூபாயை வைத்துப் பார்த்தாலே 7,050 ரூபாய். அதற்குள் கன்று இன்னொரு 30 கிலோ ஏறும். அதாவது ஒரு கிலோ ஏற 235 ரூபாய்ப் பால். உயிர் எடையில் பாதிதான் இறைச்சி என்பதால், கறிக்கடைக் கணக்கில் அது 470 ஆகிவிடும். தண்ணீர் கலக்காத 7 சதவீதக் கொழுப்புப் பாலைக் கறியாக மாற்றுவது பணக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம்.

எகிப்து விவசாயிக்கும் இதே கணக்குதான். நைல் டெல்டாவில் பெரும்பாலான எருமைகள் ஒன்றிரண்டு வைத்திருக்கும் வீடுகளில்தான் நிற்கின்றன. பாலாடைக்கும் நெய்க்கும் எருமைப் பால் நல்ல விலை போகிறது. குளிர்காலத்து பெர்சீம் புல் முடிந்து கோடை வந்தால் தீவனத் தட்டுப்பாடு வேறு. அதனால் இரண்டு மாதத்துக்குள் கிடாக்கன்றைக் கசாப்புக்குத் தள்ளிவிடுவார்கள். நகரத்தார் ருசித்துச் சாப்பிடும் இளங்கன்று இறைச்சி அங்கே பால் வியாபாரத்தின் கழிவு. கறி விலை ஏறினாலும் கன்றுகளின் எண்ணிக்கை கூடாது. எருமையைச் சினைப்படுத்துவது பாலுக்காகத்தானே? விலை ஏறினால் விற்கும் வயதுதான் முன்னே பின்னே நகரும்.

60 கிலோவில் வெட்டினால் 30 கிலோ கறி; 400 கிலோ வரை வளர்த்தால் 200 கிலோ. எகிப்து அரசுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? சிறு கன்றுகளை வெட்டத் தடை போட்டது. பழைய கன்று வளர்ப்புத் திட்டத்தை 2017-ல் தூசி தட்டி, 5 சதவீத வட்டிக்குக் கடனும் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் எனக்கு ஒரு குறை உண்டு: பால் குடிக்கும் மாதங்களின் செலவு எருமைக்காரர் தலையில், பால் மறந்த பிறகு வாங்கிப் புல்லும் தவிடும் போடுபவர் கையில்தான் லாபம்.

உங்கள் தரகருக்கும் இது தெரியும். அவர் வாங்கும் 20 நாள் கன்றில் பெரும் பகுதி பிழைக்காது என்பதும் தெரியும், 1,500 அதனால்தான்.

இங்கே இளங்கன்று இறைச்சிச் சந்தை வருமா என்றால், சட்டப்படி வழியில்லை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எருமையும் எல்லா வயதிலும் அடக்கம். பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது, அல்லது காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கியது என்றால்தான் வெட்டச் சான்று கிடைக்கும். ஆகவே எகிப்தை மறந்துவிடுங்கள்.

அப்பா விட்ட மீதிப் பாதி இதுதான்: கன்று செத்தால் எருமை சுரப்பு விடாது. பசுவைவிட எருமைக்கு இந்தப் பிடிவாதம் அதிகம். தோல் கன்றைக் காட்டியும், ஆக்சிடோசின் ஊசி போட்டும் (அது தவறு, செய்யாதீர்கள்) மல்லுக்கட்டும் வீடுகளைக் கேளுங்கள். கன்று குடிக்கும் பாலில் ஒரு பங்கு, கறவைக்கு நீங்கள் கொடுக்கும் கூலி.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறாரக் குடிக்கட்டும். பத்தாம் நாளையொட்டிப் பைப்பரசின் மருந்து கொடுங்கள். எருமைக் கன்றைக் கொல்லும் உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே இறங்குகிறது. அளவை உங்கள் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். மூன்றாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனமும் இளம்புல்லும் நக்கப் பழக்கி, பாலை மெல்லக் குறையுங்கள். பால் மாற்றுப் பொடி இரண்டு கன்றுக்கு வேண்டாம், மூட்டை வீணாகும்.

வரப்புப் புல்லும் ஆள் வசதியும் இருந்தால் ஒன்றரை வருடம் வைத்திருங்கள்; நாளுக்கு 400, 500 கிராம் ஏறும். இல்லையென்றால் பால் மறந்ததும் வளர்ப்புக்கு விற்றுவிடுங்கள். விற்கும்போது தரகர் கண்ணளவை நம்ப வேண்டாம். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்மூட்டு முதல் பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். 36 அங்குலச் சுற்று, 30 அங்குல நீளம் என்றால் 59 கிலோ. நாடாவைத் தரகர் கண்ணெதிரிலேயே பிடியுங்கள்.