விரிதாளில் தன்னியக்கச் சேமிப்பு: பிரச்சினைகளும் தீர்வுகளும்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

அறிமுகம்

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலாக்கப்பட்டது. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. அதற்கு எவ்வித முன்னறிவித்தலும் இருக்கவில்லை.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய், சீனி போன்றவற்றின் மொத்த வியாபாரம் நடைபெறுகின்றது. அங்குள்ள கடையொன்றின் கணக்கப்பிள்ளை, வெளியூர் வியாபாரிகளின் கடன் கணக்கை விரிதாளில் பதிகின்றார் எனக் கொள்வோம். திடீரென மின் தடைப்பட்டால், கடைசியாகப் பதிந்த வரவுகள் அழிந்துவிடலாம். பணத்தைச் செலுத்திய வியாபாரியிடமே மீண்டும் பணம் கேட்கும் நிலை ஏற்படும். ஆகவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

1. தரவு ஏன் அழிகின்றது?

நாம் தட்டச்சு செய்பவை முதலில் கணினியின் முதன்மை நினைவகத்தில் இருக்கும். இது அழிதகு நினைவகமாகும். அதாவது, மின் நின்றதும் அதிலுள்ள தரவுகள் இல்லாமற் போகும். சேமிக்கும்போதே அவை வன்தட்டு போன்ற துணை நினைவகத்தில் எழுதப்படுகின்றன.

2. மயங்கக்கூடாத நான்கு சொற்கள்

சேமித்தல்: கோப்பை நாமே வன்தட்டில் எழுதுவித்தல். கொன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்துக.

தன்னியக்க மீட்பு: எக்செல் குறித்த இடைவெளியில் தனியானதொரு மீட்புப் பிரதியை எழுதி வைத்தல். இது 'ஓட்டோ ரிக்கவர்' எனப்படும். மூலக் கோப்பு மாற்றமடையாது.

தன்னியக்கச் சேமிப்பு: ஒன்ட்ரைவ் போன்ற முகில் சேமிப்பகத்திலுள்ள மூலக் கோப்பிலேயே மாற்றங்கள் உடனுக்குடன் எழுதப்படுதல். இது 'ஓட்டோ சேவ்' எனப்படும்.

காப்புப் பிரதி: வேறோர் இடத்தில் வைக்கப்படும் தனிப் பிரதி.

3. அமைப்பைச் சரிபார்க்கும் படிமுறை

எக்செல் 2010 மற்றும் அதன் பின்வந்த பதிப்புகளில்:

(அ) பைல் → ஒப்ஷன்ஸ் → சேவ் என்பதைத் தெரிவு செய்க.
(ஆ) ஓட்டோ ரிக்கவர் பெட்டியில் சரி அடையாளம் உள்ளதா எனப் பார்க்க.
(இ) இடைவெளி வழமையாக 10 நிமிடமாக இருக்கும். அதை 2 அல்லது 3 நிமிடமாகக் குறைக்க.
(ஈ) சேமிக்காமல் மூடினாலும் கடைசி மீட்புப் பிரதியை வைத்திருக்கும் பெட்டியையும் தெரிவு செய்க.
(உ) ஓகே பொத்தானை அழுத்துக.

எக்செல் 2003 இல் டூல்ஸ் → ஒப்ஷன்ஸ் → சேவ் என்ற வழியில் இடைவெளியை மாற்றலாம்.

கவனிக்க: இடைவெளியை மிகவும் குறைத்தால், பெரிய கோப்புகளில் வேலை செய்யும்போது பழைய கணினி அடிக்கடி தாமதிக்கலாம்.

4. பொதுவான பிரச்சினைகள்

பிரச்சினை 1: ஓட்டோ சேவ் பொத்தான் இயங்கவில்லை.
காரணம்: கோப்பு கணினியின் வன்தட்டில் மாத்திரம் இருக்கலாம், அல்லது எக்ஸ்.எல்.எஸ் என்ற பழைய வகையாக இருக்கலாம்.
தீர்வு: எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் வகையாக ஒன்ட்ரைவில் சேமிக்க.

பிரச்சினை 2: குறித்த ஒரு கோப்புக்கு மட்டும் மீட்புப் பிரதி உருவாகவில்லை.
காரணம்: அக்கோப்புக்கு மட்டும் தன்னியக்க மீட்பு நிறுத்தப்பட்டிருக்கலாம்.
தீர்வு: சேவ் பகுதியில் அக்கோப்புக்கு எதிரே உள்ள விதிவிலக்குப் பெட்டியின் சரி அடையாளத்தை நீக்குக.

பிரச்சினை 3: மின் வந்தபின் மீட்புப் பிரதி தோன்றியது, பின்னர் காணாமற்போனது.
காரணம்: அதைத் திறந்து சேமிக்காமல் மூடியமை.
தீர்வு: நேரத்தைப் பார்த்துப் பிந்திய பிரதியைத் திறந்து, உடனே பெயரிட்டுச் சேமிக்க.

பிரச்சினை 4: புதிய கோப்பு பெயரிடப்படாமலே மூடப்பட்டது.
தீர்வு: பைல் → இன்போ → மனேஜ் வேர்க்புக் → ரிக்கவர் அன்சேவ்ட் வேர்க்புக்ஸ் என்ற வழியில் தேடுக. மூடுமுன் ஒரு மீட்புப் பிரதியாவது எழுதப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

பிரச்சினை 5: பரீட்சார்த்தமாக மாற்றிப் பார்த்த விலைகள் உண்மையான விலைப்பட்டியலில் பதிந்துவிட்டன.
காரணம்: ஓட்டோ சேவ் சரியையும் பிழையையும் வேறுபடுத்தாது.
தீர்வு: வேர்ஷன் ஹிஸ்ட்ரி மூலம் முந்திய பதிப்பை மீட்க. இனிமேல், முதலில் பிரதி ஒன்றை எடுத்து அதில் மாற்றங்களைச் செய்து பார்க்க.

5. காப்புப் பிரதி ஏன் வேண்டும்?

வன்தட்டு பழுதானால் மூலக் கோப்பும் மீட்புப் பிரதியும் ஒன்றாகவே அழியும். முகிலும் முழுப் பாதுகாப்பன்று. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச முகில் மீது கப்பம் கோரும் தீநிரல் தாக்குதல் நடைபெற்றது. இதனால் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்கு மீட்டெடுக்கக்கூடிய காப்புப் பிரதி இருக்கவில்லை. எனவே நாள்தோறும் பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும்.

6. மாதிரி வினா

கணக்கப்பிள்ளை பிற்பகல் 2.00 மணிக்குக் கோப்பைச் சேமித்தார். அதன்பின் நிமிடத்துக்கு ஒரு பதிவு வீதம் இட்டார்; தாமாகச் சேமிக்கவில்லை. மீட்புப் பிரதிகள் 2.10, 2.20 ஆகிய நேரங்களில் எழுதப்பட்டன. 2.29 இற்கு மின் தடைப்பட்டது.

(i) மீட்புப் பிரதியின் பின் எத்தனை பதிவுகள் இழக்கப்படும்?
(ii) இடைவெளி 2 நிமிடமாயின் எத்தனை?
(iii) தன்னியக்க மீட்பு நிறுத்தப்பட்டிருந்தால் எத்தனை?

விடை:
(i) 2.20 முதல் 2.29 வரை, 9 பதிவுகள்.
(ii) கடைசிப் பிரதி 2.28 இற்கு எழுதப்பட்டிருக்கும், 1 பதிவு.
(iii) 2.00 இன் பின்னர் இட்ட 29 பதிவுகளும்.

நினைவிற் கொள்க: தன்னியக்க மீட்பு இழப்பைக் குறைக்கும், சேமித்தலுக்குப் பதிலாகாது. செய்முறைப் பயிற்சியின்போது கோப்பைத் திறந்தவுடன் பெயரிட்டுச் சேமிக்க. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் மீண்டும் சேமிக்க.