தேன் வைத்து கேக் சுடும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. மேலே கருகல் நிறம், நடுவில் பள்ளம், வெட்டிய இடத்தில் பிசுபிசுப்பு. “சர்க்கரைக்குப் பதிலா தேன், அவ்வளவுதான் அக்கா மாத்தினேன். அதே கப்பாலதான் அளந்தேன்” என்று எழுதியிருக்கிறாய். காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது. ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதே கப்பில் தேனை ஊற்றினால் ஏறக்குறைய 340 கிராம். அதில் 60 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். மீதி இனிப்பு மட்டும் 270 கிராமைத் தொடும். கேட்ட சர்க்கரைக்கு மேலே 70 கிராம் இனிப்பையும் கால் டம்ளருக்குக் கிட்டத்தட்ட ஈரத்தையும் அந்த மாவின் தலையில் ஏற்றியிருக்கிறாய். கேக் அமுங்காமல் என்ன செய்யும்?

முதலில் ஒரு எடை மெஷின் வாங்கு. தேனைக் கப்பால் அளப்பதை விட்டுவிடு.

அளவைத் திருத்தினாலும் இன்னொரு சிக்கல் மிச்சமிருக்கிறது. நான் பார்த்த குறிப்புகளில் பலவும் இதைச் சொல்வதில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைக் கல்லின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக் காற்றை உள்ளே பிடித்துவைக்கின்றன. கேக் எழும்புவதில் பாதி வேலை அங்கேயே நடந்துவிடுகிறது. தேனில் கல் இல்லை, எவ்வளவு அடித்தாலும் அந்தக் காற்று வராது. அதனால் சர்க்கரை முழுவதையும் எடுத்துவிடாதே. 200 கிராம் கேட்கும் கேக்குக்கு 100 கிராம் சர்க்கரையும் 120 கிராம் தேனும் போடு. பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி குறைத்துக்கொள். தேன் இயல்பாகவே புளிப்புத்தன்மை உள்ளது, நாக்குக்குத் தெரியாவிட்டாலும் சமையல் சோடாவுக்குத் தெரியும். கால் டீஸ்பூன் சோடா அந்தப் புளிப்போடு சேர்ந்து பொங்கி மாவைத் தூக்கிக்கொடுக்கும். முட்டையில்லாத கேக் கேட்பவர்கள்தான் உனக்கு அதிகம் என்று சொன்னாய். அங்கே இது பெரிய துணை.

மேலே கருகியதற்குக் காரணம் சூடு. தேனில் பெரும்பங்கு பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். நாம் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையைவிட இவை சீக்கிரம் சிவக்கும். வழக்கமாக 175 டிகிரியில் வைப்பாய் என்றால் தேன் கேக்கை 160-இல் வை, பத்து நிமிடம் கூடுதலாக நிற்கட்டும். மேல்பக்கம் முந்திக்கொண்டு சிவந்தால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடு. வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதே; குச்சி குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

சுட்ட அன்றே வெட்டவும் வேண்டாம். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆறியபின் பட்டர் பேப்பரில் சுற்றி மூடிவைத்தால் மறுநாள் துண்டு இன்னும் மெத்தென்று இருக்கும். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தார் லெப்குகன் என்று ஒரு தேன் பலகாரத்தை நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அந்த ஊரைச் சுற்றியிருந்த காடுகளில் தேன் எடுப்பவர்கள் நிறைய இருந்தார்கள். அதன் மாவைப் பிசைந்து வாரக்கணக்கில் வைத்திருந்து சுடும் பழக்கமும் அங்கே உண்டு. தேன் சேர்ந்த பலகாரத்துக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

எந்தத் தேன் வாங்குவது என்று கேட்டாய். கண்ணாடி டம்ளரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்து உரசிப் பார்ப்பது எல்லாவற்றையும் மறந்துவிடு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் விற்ற 13 பிராண்டுகளைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. சட்டம் கேட்கும் வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. வெளிநாட்டில் செய்த நுட்பமான காந்த அதிர்வுச் சோதனையில் 10 பிராண்டுகள் தோற்றன. ஆய்வகத்துக்கே தண்ணி காட்டும் கலப்படச் சர்க்கரைப் பாகைத் தீக்குச்சி காட்டிக்கொடுத்துவிடுமா? தேனீ வளர்ப்பவர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள். அதுதான் நம்பகமான வழி.

மார்த்தாண்டம் பக்கம் உனக்கு உறவினர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேள். குமரி மாவட்டத்தின் பெட்டித்தேனில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்துத் தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுத்துவருகிறது. ஆண்டின் தொடக்கத்து மாதங்களில்தான் அதன் வரத்து. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். வாங்கியவர்கள் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவார்கள். நீ போகாதே. குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் உறைவது அதன் குணம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். இளக்காமல் அப்படியே வெண்ணெயோடு சேர்த்து அடித்தால் கேக்கின் மேல் தடவ அருமையான க்ரீம் கிடைக்கும். இந்தத் தேனை ஓவனுக்கு வைத்துக்கொள்.

நீலகிரியிலும் கொல்லிமலையிலும் பாறையிலிருந்தும் பொந்திலிருந்தும் எடுக்கும் தேனை ஓவனுக்குள் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. நாவல் பூத்த காலத்து மலைத்தேனில் ஒரு மெல்லிய கசப்பு இருக்கும், ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வாசம் இருக்கும். அரை மணி நேரச் சூட்டில் அந்த வாசத்தில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சுவது இனிப்பு மட்டுமே. உயரத்தில் தொங்கி எடுத்தவரின் உழைப்பை நாம் அப்படிச் செலவழிக்கக் கூடாது. அதை ஆறிய கேக்கின் மேல் ஊற்று.

தேனைச் சூடாக்கக் கூடாது என்று உன் மாமியார் தடுக்கிறார் என்றாய். சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் அப்படித்தான் சொல்வார்கள். சூடு பட்டால் தேனின் நொதிகள் அழிகின்றன, எச்.எம்.எஃப். என்ற ஒரு பொருள் கூடுகிறது. ரொட்டி சுடும்போதும் காபிக்கொட்டை வறுக்கும்போதும் உண்டாகும் அதே பொருள்தான். வீட்டில் ஒரு துண்டு தேன் கேக் சாப்பிடுவதால் கேடு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சுட்ட தேனை மருந்து என்று சொல்லி விற்கவும் கூடாது. மாமியாரோடு வாதாடாதே, அவருக்குத் தேன் அடுப்பு ஏறாத இனிப்பைச் செய்து கொடு. நம் ஊர்த் தேன் இனிப்புகளில் உயர்ந்தவை அவைதாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், பேரீச்சை, நெய், ஏலக்காயோடு தேனும் சேர்கிறது.

முருகனுக்குப் படைக்கும் தேனும் தினைமாவும் உனக்குச் சரியான தொடக்கம். தினையை வெறும் வாணலியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறு. நன்றாக ஆறட்டும். அரைத்து, சலித்து, அரைத்த சூடும் போனபிறகுதான் தேனை ஊற்ற வேண்டும். ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு, இரண்டு ஸ்பூன் நெய். உருட்டும்போது மாவு கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும். ராத்திரி முழுக்கத் தேனைக் குடித்து, காலையில் தானே இறுகிவிடும். உருட்டும்போதே கெட்டியாக இருந்தால் மறுநாள் பல்லுக்கு வேலை.

கடலை மிட்டாயைத் தேனில் மட்டும் செய்யும் யோசனையைக் கைவிடு. கோவில்பட்டிக்காரர்கள் வெல்லப்பாகில் செய்வதற்குக் காரணம் உண்டு, அந்தப் பாகு இறுகி நிற்கும். தேன் இறுகாது, தூத்துக்குடிக் காற்றில் ஒரே நாளில் கசியும். மணத்துக்காக வேண்டுமானால் வெல்லப்பாகு பதம் வந்து இறக்கியபின் ஒரு ஸ்பூன் சேர். பாயசத்திலும் அப்படித்தான். இறக்கி, சூடு தணிந்தபின் ஊற்று. கொதிக்கும் பாலில் ஊற்றினால் திரிந்துபோகலாம்.

பேக்கரிகளில் ஜாம் தடவி, தேங்காய்த்துருவல் தூவி வைத்திருக்கும் ஹனி கேக்கையும் உன்னிடம் கேட்கிறார்கள் அல்லவா? அதில் தேன் மாவுக்குள் போவதில்லை, பாகாக மேலே ஊறுகிறது. சர்க்கரையையும் தண்ணீரையும் கொதிக்கவிட்டு இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தேனைக் கலந்து, கேக்கில் குச்சியால் துளைகள் போட்டு ஊற்று. பாகில் தேன் சர்க்கரைக்குச் சமமாகவாவது இருக்கட்டும். அந்தப் பெயரில் காசு வாங்கும்போது வாயில் தேன் தெரிய வேண்டும்.

உன் விலைப்பட்டியலில் “சர்க்கரை இல்லாதது, நீரிழிவு உள்ளவர்களும் சாப்பிடலாம்” என்று ஒரு வரி பார்த்தேன். அதை இன்றே அழித்துவிடு. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உன்னை நம்பி ஒரு தாத்தா இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிடுவார்.

அடுத்த வாரம் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஹனி கேக் ஆர்டர் வந்திருக்கிறது என்றும், அதற்கு முன்பே போட்டோ எடுக்கக் குட்டி கேக் ஒன்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. பிறந்ததும் தேனைச் சேனையாகத் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் பலருக்கும் இது புதிதாகத் தோன்றும். தேனில் போட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துவிடும், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும், கைகால் துவண்டுபோகும். ஓவனில் சுட்டால் அழிந்துவிடும் என்று எண்ணாதே. கேக்கின் உட்புறச் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, அந்த வித்து அதைத் தாங்கும். விழாவுக்கு வரும் மற்றக் கைக்குழந்தைகளின் வாயிலும் யாராவது ஒரு விள்ளல் வைப்பார்கள். அதனால் இரண்டு கேக்கையும் நாட்டுச்சர்க்கரையில் செய், காரணத்தை அந்தத் தாயிடம் இப்போதே போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அக்கா