கூரை ஒழுகுகிறதா? ஏணிக்கு முன் டிரோன்!

பழைய தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் கால் வைத்தால் உடையலாம். தோட்ட வீடோ, மலாக்கா நகரக் கடைவீடோ, ஆளை ஏற்றும் முன் டிரோனை ஏற்றிப் பாருங்கள்.

1. டிரோன்காரரிடம் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் (சி.ஏ.ஏ.எம்.) அனுமதி உள்ளதா என்று முதலில் கேளுங்கள். பத்து பெரெண்டாம் விமான நிலையச் சுற்றுவட்டாரத்தில் இது மிக முக்கியம்.

2. வீட்டுக்குள் ஈரக்கறை சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து குறியுங்கள். ஓட்டை பெரும்பாலும் கறைக்கு நேர் மேலே இராது. சரிவின் மேல்பக்கம் தேட வேண்டும்.

3. காலையில் பறக்க விடுங்கள். சாய்ந்த வெயிலில் விரிசல் தெரியும். பிற்பகலில் இடிமழை வரலாம்.

4. வெறுந்தரையிலிருந்து கிளப்புங்கள். கார், இரும்பு அருகே டிரோனின் திசைகாட்டி குழம்பும்.

5. முகடு, ஆணித்தலை, பீலி, கூரை சுவரைத் தொடும் இடம் ஆகியவற்றை நெருங்கிப் படமெடுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆணியைச் சுற்றித் துருவளையம் தெரிந்தால் அதன் ரப்பர் வளையத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

6. பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கேமராவைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

7. படங்களைத் தேதியுடன் சேமித்துக் கூரை வேலையாளிடம் காட்டுங்கள். கெட்ட தகடு மட்டும் மாறும், பணம் மிஞ்சும்.