தலைவர் கையெழுத்துப் படமா? இதைக் கவனிங்க!

எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் சட்டசபைக்கு அனுப்பின தேனி மாவட்டத்துக்காரங்க நாம. கும்பிட்டாலும் திட்டினாலும், பழைய பீரோவைக் குடைஞ்சா கையெழுத்து போட்ட தலைவர் படம் ஒண்ணாவது சிக்கும்.

1. கையெழுத்து வாங்க மேட் பிரின்ட் படம் கொண்டு போங்க, பளபளப்புப் படத்தில் மை இழுவிடும். சி.டி.யில் எழுதுற மார்க்கர் போதும். வெள்ளை வேட்டி இருக்கிற இடத்தைக் காட்டினா கையெழுத்து பளிச்னு விழும்.

2. பொதுக்கூட்டத்தில் முண்டியடிக்காதீங்க. கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம்தான் சுலபம்; மூடியைக் கழற்றியே பேனாவை நீட்டுங்க.

3. தேதி, ஊர், விசேஷம் எல்லாம் படத்தின் பின்னால் பென்சிலால் மட்டும் எழுதுங்க. பால்பாயின்ட் அழுத்தினா முகத்தில் தழும்பு விழும்.

4. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் ஜெயிச்சது அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே. "அந்தப் பிரசாரத்துல எங்க தாத்தா நேர்ல வாங்கினது" என்று யாராவது விலை சொன்னா, ஒரு டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க.

5. ஜெயலலிதா படத்தில் சேவல் சின்னமா? அது 1989 தேர்தல் சமயத்துப் படம். அப்போ அவர் போடியில் சேவலில் நின்னு ஜெயிச்சார், எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மா ஆண்டிபட்டியில் இரட்டைப் புறாவில் நின்னு தோத்தார். அந்த வருஷமே ரெண்டா உடைஞ்சிருந்த அ.தி.மு.க. ஒண்ணாகி இரட்டை இலை திரும்பிடுச்சு. அதனால புறா நோட்டீஸ் கிடைச்சாலும் கசக்கிடாதீங்க.

6. தபாலில் வந்த படத்தை லென்ஸ் வைச்சுப் பாருங்க. கையெழுத்துக் கோடு புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அச்சடிச்சது. ஈரவிரலால் தேய்ச்சுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அசலா இருந்தா அதுவும் போயிடும்.

7. பெரியார் கையெழுத்துக்குக் காசு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்தவர். காந்தியும் அரிஜன நிதிக்காக 5 ரூபாய் வாங்கினார். காசு கொடுத்து வாங்கினதை அந்தக் காலத்தில் யாரும் எறிய மாட்டாங்க. தாத்தாவின் டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடும் முன்னே அடிக்காகிதம் வரை புரட்டிடுங்க.

8. ஆனி, ஆடிச் சாரலில் கம்பம், கூடலூர்ப் பக்கம் சுவர் ஓதமேறும். அசலை பட்டர் பேப்பரில் சுற்றி பீரோவில் வைங்க. செருப்பு டப்பாவில் வர்ற சிலிக்கா பொட்டலம் ரெண்டு கூடவே போதும். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது.

9. சுவருக்கு நகல் போதும். ஒரே ஃபிரேமில் முன்னால் ஒரு கட்சித் தலைவர், பின்னால் எதிர்க்கட்சித் தலைவர்னு மாட்டுங்க. சம்பந்தி வீட்டார் வரும்போது திருப்பிக்கலாம், ஃபிரேம் காசும் மிச்சம்!