வளரும் பாவாடை

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் சாலை, போடிமெட்டைக் கடந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது. அங்குள்ள ஏலத்தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உழைத்து வாழ்கின்றன. பண்டிகைக்கு எடுத்த பாவாடை ஓர் ஆண்டோடு கழிந்துவிடலாகாது. மகளோ ஆண்டுதோறும் வளர்கிறாள். இதற்கு வீட்டுத் தையல் கண்ட வழியே உள்மடிப்பு.

பாவாடையை நீளமாக வெட்டி, அடியோரத்துக்குச் சற்று மேலே துணியை உள்ளே மடித்துத் தைப்பர். 2 அங்குல ஆழமுள்ள மடிப்பைப் பிரித்தால் பாவாடை 4 அங்குலம் நீளும். பிரித்த இடத்தில் பழைய தையல் தடமும் மங்காத நிறமும் தெரியும். அதன்மேல் லேஸ் வைத்துத் தைத்தால் குறையே அழகாகும்.

லேஸ் இல்லையெனில் பழைய சேலையே போதும். ஓரத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள பட்டையில் நெருக்கமின்றி நூலோட்டி இழுத்தால் சுருக்கு விழும். ஜப்பானில் ‘லோலிட்டா’ என்னும் உடைப்பாணியை விரும்பும் இளையோர் சிலரும் தம் பாவாடைகளுக்கு இவ்வாறே சுருக்கும் லேசும் வைத்துத் தாமே தைக்கின்றனர். அங்கே அது விருப்பம். தோட்டத்து வீட்டில் அது சிக்கனம். கைத்திறன் இரண்டுக்கும் பொது.

அருஞ்சொற்பொருள்
தடம் – அடையாளம்
சிக்கனம் – அளவறிந்த செலவு

பயிற்சி
1. உள்மடிப்பு எதற்காக வைக்கப்படுகிறது?
2. 3 அங்குல ஆழமுள்ள மடிப்பைப் பிரித்தால் பாவாடை எவ்வளவு நீளும்?
3. ‘குறையே அழகாகும்’ – விளக்குக.
4. உம் வீட்டில் மாற்றித் தைத்த ஆடை ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.