புதிய பிளேனார் ஹெட்போனைக் கேட்கத் தொடங்குவோர்க்கு

விலையுயர்ந்த பிளேனார் ஹெட்போனை வாங்கிய அன்றே அதன் குணாதிசயங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிட ஆவல் எழுவது இயற்கையே. ஆயினும் காதுறை தலைக்குப் படிந்து, செவியும் அதன் சுபாவத்துக்குப் பழகும்வரை சில தினங்கள் பொறுத்திருப்பதே உசிதம்.

நன்கு பரிச்சயமான கச்சேரிப் பதிவொன்றை எடுத்துக்கொண்டு, தம்புராவின் ரீங்காரம் பாட்டினடியில் இடையறாது ஓடுகிறதா, மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி எழும்போது நாதம் வளைந்தேறுவது தெளிவாகிறதா, வலந்தலையின் சாப்பு காதைக் குத்தாமல் கணீரென்கிறதா என்று கவனித்தால், காந்தங்களின் முன்னே பரப்பு முழுதும் ஒருசேர அசையும் பிளேனாரின் மெல்லிய சவ்வின் விசேஷம் விளங்கும். ஹைஃபைமேன் சுஸ்வரா போன்ற சில பிளேனார் ஹெட்போன்களின் உணர்திறன் ஏறக்குறைய 83 டெசிபல் மாத்திரமே. அவற்றைக் கைபேசியில் மாட்டிக் கேட்டுவிட்டு, ஜீவனில்லை என்று ஒதுக்குவது அநியாயம். தக்க ஆம்ப்ளிபயர் அவசியம்.

திறந்த அமைப்புடைய ஹெட்போன்களில் வெளிச்சத்தம் தடையின்றி நுழையுமாதலால், செங்கல்பட்டில் ரயிலடிப் பக்கம் குடியிருப்போர் சந்தடி அடங்கிய இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்பது நலம்.

மாமல்லபுரம், கல்பாக்கம் கரையோரத்தாருக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. அங்குள்ள கருமணலில் காந்தம் ஈர்க்கும் இரும்புத்தாதுத் துகள்கள் உண்டு. அவை ஹெட்போனுள் புகுந்து சவ்வைத் தொட்டால் கரகரப்பு உண்டாகும். ஆகவே கடற்கரையிலிருந்து வந்ததும் கைகழுவிய பின்னரே ஹெட்போனைத் தொடுங்கள்; கேட்டு முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். அணியும்போது காதோடு சேர்த்துப் பலமாக அழுத்தாதீர்கள். அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் சவ்வு கசங்கிவிடக்கூடும்.