அனகொண்டா: ஒரு சொல்லின் பயணம்

அனகொண்டா என்றதும் தென் அமெரிக்காவின் அமேசன் ஆறே நம் நினைவுக்கு வரும். உலகின் மிகப் பாரமான பாம்பு அங்குதான் வாழ்கிறது. ஆனால், ஆங்கிலத்தில் வழங்கும் அந்தப் பெயர் அங்கு பிறந்ததன்று. அது நம் இலங்கையிலிருந்து சென்ற சொல்.

1693இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், விலங்குகள் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தின் லெய்டன் நூதனசாலையிலிருந்த பாம்புகளின் பட்டியல் அதில் இடம்பெற்றது. அவற்றுள் ஒன்றை இலங்கையர் 'அனகண்டாயா' என அழைப்பதாகவும், அது எருமை முதலிய விலங்குகளின் உடலை நொறுக்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது.

1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்று, இலங்கையில் அனகொண்டா ஒரு புலியை நொறுக்கிக் கொன்றதாகக் கதை வெளியிட்டது. நம் காடுகளில் சிறுத்தை உண்டு, புலி இல்லை. ஆயினும் பெயர் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் டோடின் அதைத் தென் அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டினார். நம் நாட்டு மலைப்பாம்பு முட்டையிடும். அனகொண்டாவோ குட்டி ஈனும். இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

சொல்லின் பொருள் என்ன?

இதற்கு இரு விளக்கங்கள் உள்ளன.

1. தமிழின் 'ஆனை கொன்றான்' என்பதே திரிந்தது என்பர் சிலர்.

2. சிங்களத்தின் 'ஹெனகந்தயா' என்பதே மூலம் என்பர் வேறு சிலர். 'ஹென' என்பது மின்னல்; 'கந்த' என்பது தண்டு.

முதல் விளக்கம் நமக்கு இனிக்கிறது. ஆனால், 1693ஆம் ஆண்டுக் குறிப்பில் எருமை உண்டு, யானை இல்லை. 'அனகண்டாயா' என்ற பழைய வடிவத்தின் ஈறும் சிங்களச் சொல்லுக்கே நெருக்கமானது. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஹெனகந்தயா கொடிபோல் மெலிந்த பாம்பு. அதனால் எருமையை நொறுக்க முடியாது. எனவே, மெலிந்த பாம்பின் பெயர் மலைப்பாம்பின் விளக்கத்தோடு தவறுதலாகச் சேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். சிங்கள மூலத்தை ஏற்கும் அகராதிகளும் 'இருக்கலாம்' என்றே எழுதுகின்றன.

சொல்லின் பிறப்பை ஆராயும்போது ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. பொருள் பொருந்த வேண்டும். பழைய எழுத்துச் சான்றும் வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என ஆங்கிலம் தமிழிடம் பெற்ற சொற்கள் ஐயமின்றி உள்ளன. அவ்வாறிருக்க, ஐயத்துக்குரிய ஒன்றை நமதென்று உறுதியாகச் சொல்வது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. சான்று காட்டும் எல்லையில் நிற்பதே மொழிக்கு நாம் செய்யும் மரியாதை.